ரோஜா அழகுதான், சுற்றிலும் ஏன் சுருக்கம்? மெஷின் எம்பிராய்டரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூல் சரியாகக் கோக்காதது, பாபின் தீர்ந்ததைக் கவனிக்காதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை நாலு நாளில் தானே பழகிவிடும். பழகாத தவறுகள் சில உண்டு. இந்த வேலைக்குள் வந்த எல்லோரும் செய்தவை, புதிதாக வருகிறவர்கள் இன்றும் அப்படியே செய்பவை.

ஃப்ரேமில் மாட்டிய பிறகு துணியை இழுப்பது

அதிக நஷ்டம் தருவது இதுதான். தலையணை உறையில் 12 செ.மீ. அளவில் ஒரு ரோஜா: அடுக்கடுக்காக இதழ், நாலைந்து நிறம், 20,000 தையலுக்குக் குறையாது. நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் ஓட்டினாலும் நூல் மாற்றும் நேரம் போக அரை மணிக்கு மேல் ஆகும். ஃப்ரேமில் (துணியை விறைப்பாகப் பிடிக்கும், திருகு வைத்த இரட்டை வளையம்) இருக்கும்வரை பூ கண்ணைப் பறிக்கும். கழற்றி மேசையில் போட்டதும் இதழ்களைச் சுற்றித் துணி அலை அலையாகச் சுருங்கிக்கொள்ளும். உடனே மெஷினையும் நூலையும் டென்ஷனையும் (நூலின் இறுக்கம்) குறை சொல்வார்கள். தவறு முதல் தையல் விழும் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

துணி விறைப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது சரிதான். ஆனால் திருகை இறுக்கிவிட்டு, நாலு மூலையையும் பிடித்து இழுத்து அந்த விறைப்பைக் கொண்டுவருகிறார்களே, அங்கேதான் வினை. நெய்த துணி பாவு நூலின் திசையில் அவ்வளவாக நீளாது, ஊடையில் கொஞ்சம் நீளும், மூலைவாட்டத்தில் நன்றாகவே நீளும். கை போய்ப் பிடிப்பதோ சரியாக மூலையைத்தான். நீண்டு நிற்கும் துணியின்மேல் தையல் விழுந்து அந்த நீளத்தை அப்படியே பூட்டிவிடுகிறது. ஃப்ரேமைக் கழற்றியதும் தையல் இல்லாத இடம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். பூ இருக்கும் இடம் திரும்ப முடியாது. அந்த வித்தியாசம்தான் சுருக்கம். இஸ்திரி போட்டாலும் போகாது. பிரித்தெடுத்தால் ஊசித் துளைகள் மிஞ்சும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாட்டுவதற்கு முன், தண்ணீரில் அழியும் பேனாவால் துணியில் நெடுக்கும் குறுக்குமாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கூட்டல் குறி போடுங்கள். மாட்டிய பிறகு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 10.2 காட்டினால் துணி நீண்டிருக்கிறது. கோடு வில்போல வளைந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.

சரியான முறை இது. துணியை இஸ்திரி போட்டு, அடியில் ஸ்டெபிலைசரை (தையலைத் தாங்கத் துணிக்கு அடியில் வைக்கும் தாள்போன்ற விரிப்பு) ஒட்டுங்கள். அது ஃப்ரேமைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ.யாவது வெளியே நிற்கட்டும். உள்வளையம் லேசாக அழுத்தினால் இறங்கும் அளவுக்குத் திருகை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். இறங்கியபின் அரைச் சுற்று இறுக்கினால் போதும். விறைப்பைத் தாங்க வேண்டியது ஸ்டெபிலைசர். துணி அதன்மேல் சுருக்கமில்லாமல் படுத்திருந்தால் சரி. மடிப்பு தெரிந்தால் இழுக்காதீர்கள், கழற்றுங்கள். இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு ஒரு உறையை வீணாக்குவதைப் பார்க்கும்போது இன்னமும் எரிச்சல் வருகிறது.

பின்பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர் போடுவது

நெருக்கமான பூ வேலைக்கு அது தாங்காது. ஊசி ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் குத்தும்போது தபால்தலை ஓரம்போலத் துளை விழுந்து, பாதி வேலையிலேயே அது கிழிந்துவிடும். பிடிமானம் போன துணி நகரும். கடைசியில் வரும் அவுட்லைன் இதழை விட்டு ஒரு மி.மீ. தள்ளி விழுவது பெரும்பாலும் இதனால்தான். பருத்தி உறைக்கும் மேசை விரிப்புக்கும் நடுத்தரக் கனத்தில் கட்-அவே (கிழியாத, கத்தரியால் வெட்டியெடுக்கும் ஸ்டெபிலைசர்) போடுங்கள். முடிந்ததும் பூவிலிருந்து அரை செ.மீ. விட்டு வெட்டினால் பின்பக்கமும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

டிசைனை இஷ்டத்துக்குச் சின்னதாக்குவது

அளவை 20 சதவீதம் குறைத்தால் பரப்பு 64 சதவீதமாகிவிடும். தையல் எண்ணிக்கை மாறாவிட்டால், அத்தனை தையலும் அந்த இடத்துக்குள் நெருக்கியடிக்கும். 0.4 மி.மீ. இடைவெளியில் இருந்த வரிசைகள் 0.32 மி.மீ.க்கு வந்துவிடும். பூ அட்டைபோல விறைக்கும், நூல் அறும், ஊசி உடையும். அளவை மாற்றியதும் திரையில் தையல் எண்ணிக்கையும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிதாக்கும்போது இதற்கு நேர்மாறு: இதழுக்கு நடுவே துணி எட்டிப் பார்க்கும்.

துவைக்காத துணி

பருத்தியும் லினனும் முதல் துவைப்பில் சுருங்கும், தைத்த பாலியெஸ்டர் நூல் சுருங்காது; பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். முதலில் துவைத்து, காயவைத்து, பிறகு தைக்கத் தொடங்குங்கள்.

டவல்

மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் இல்லாமல் தைக்காதீர்கள். பூ மயிர்நூலுக்குள் புதைந்துவிடும். தடித்த டவலை ஃப்ரேமில் திணிக்கவும் வேண்டாம், வளையத் தடம் விழும். ஸ்டெபிலைசரை மட்டும் மாட்டி, டவலை அதன்மேல் ஒட்டி, சுற்றிலும் நீளத் தையல் ஒன்று ஓட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஊசி

எட்டு மணி நேரம் ஓடியதா? மாற்றுங்கள். 40 எண் (வழக்கமான எம்பிராய்டரி கனம்) நூலுக்கு 75/11 அளவு ஊசி.

பாபின் டென்ஷன்

சாட்டின் தையலை (நூல் பக்கத்தில் பக்கமாக நெருங்கி விழும் பட்டைத் தையல்) திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் (அடிநூல்) தெரிய வேண்டும். மேலே வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம்.

தாண்டல் நூலைக் கடைசியில் வெட்டுவது

ஒரு இதழிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நூலை அடுத்த நிறம் தொடங்குவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். வெள்ளை இதழுக்கு அடியில் அகப்பட்ட பச்சை நூல் நிழலாகத் தெரியும், பிறகு எடுக்கவே முடியாது. வெட்டும்போது ஃப்ரேமை மெஷினிலிருந்து எடுக்கலாம். துணியை ஃப்ரேமிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள், திரும்ப அதே இடத்தில் உட்காராது.