ஒரு கை பிபியை நம்பாதீர்கள்: வாஸ்குலைட்டிஸில் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் ஓபியில் ஒரு ஹவுஸ் சர்ஜன், இளம்பெண் ஒருவரின் இடது கையில் பட்டையைக் கட்டி, "110/70, நார்மல்" என்று எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். 17 வருஷத்துக்கு முன் நான் எழுதியதும் அதே வரிதான்.

வாஸ்குலைட்டிஸில் நம் எதிர்ப்புச் சக்தியே ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்குகிறது. சுவர் தடித்துக் குழாய் அடைபடலாம், பலூன்போல வீங்கலாம், உள்ளே ரத்தம் உறையலாம். மாரடைப்பும் பக்கவாதமும் வயதுக்கு முந்தி வருவது அதனால்தான். இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

ஒரே கையில் பிபி பார்ப்பது

17 வருஷத்துக்கு முன் நான் பார்த்த அந்தப் பெண் மன்னார்குடிப் பக்கம். சம்பா நடவு நேரத்தில் வந்தார். "நாத்துக்கட்டு புடிக்கிற கை ஓஞ்சு போவுது டாக்டரம்மா. வரப்புல செத்த ஒக்காந்தா சரியாயிடுது" என்றார். நோயையே சொல்லிவிட்டார், எனக்குத்தான் கேட்கவில்லை. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். இடது கையில் பிபி 110/70.

அறுப்பு சமயத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சில்லாமல் தூக்கிவந்தார்கள். சிடியில் மூளைக்குள் ரத்தக்கசிவு. வலது கையில் 210/120. இடது மணிக்கட்டில் நாடியே இல்லை.

டகாயாசு நோய், பெரிய ரத்தக்குழாய்களைத் தாக்கும் வாஸ்குலைட்டிஸ். இடது கைக்குப் போகும் குழாய் இதில் அடிக்கடி அடைபடும். அடைப்பைத் தாண்டிய கையில் பிபி குறைவாகத்தான் காட்டும். அவருக்குச் சிறுநீரகக் குழாயும் சுருங்கியிருந்தது. ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் ரெனின் என்ற, பிபியை ஏற்றும் சுரப்பை விட்டு, உடம்பு முழுக்க அழுத்தத்தை ஏற்றியிருக்கிறது. மூளை தாங்கியது அந்த அழுத்தத்தை. நான் அளந்தது அடைபட்ட கையை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை, யாராவது ஒரு கையோடு நிறுத்தினால் கோபம் வருகிறது.

இரண்டு கையிலும் பாருங்கள். மேல் அளவில் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி பாருங்கள், சந்தேகப்படுங்கள். கூடுதலாகக் காட்டும் கைதான் கணக்கு. இரண்டு கையும் அடைபட்டிருந்தால் தொடையில் கட்டுங்கள். கழுத்திலும் காறையெலும்புக்கு மேலும் தொப்புளைச் சுற்றியும் ஸ்டெதாஸ்கோப் வையுங்கள். சுருங்கிய இடத்தில் உஸ்ஸென்று இரைச்சல் கேட்கலாம். அப்புறம், கை ஓய்கிறது என்றால் எந்தக் கை, எந்த வேலையில் என்று கேளுங்கள். வாசல்வரை கூட்டம் நின்றாலும் இதற்கு நேரம் உண்டு.

ஈஎஸ்ஆர் இறங்கியதும் நிம்மதியாவது

ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள். டகாயாசுவில் இரண்டும் சரியாக இருக்கும்போதே குழாய் சுருங்கிக்கொண்டு போகலாம். ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது

கூடவே கூடாது.

"சின்ன வயசு, மாரடைப்பா இருக்காது"

இருக்கலாம். சிறுவயதில் கவாசாகி நோய் (குழந்தைகளுக்கு வரும் ஒரு வாஸ்குலைட்டிஸ்) வந்து இதயக் குழாயில் வீக்கம் தங்கிவிட்டவர்களுக்கு 20, 30 வயதிலேயே மாரடைப்பு வந்ததுண்டு. நெஞ்சுவலி என்றால் முதலில் ஈசிஜி.

புகையை மட்டும் கேட்பது

புகையிலை இந்தக் குழாய்களுக்கு இன்னொரு எதிரி. "பீடி, சிகரெட் உண்டா?" என்றால் நம் ஊர்ப் பெண்கள் இல்லை என்பார்கள், அது உண்மைதான். "வெத்தலையோட பொயலை போடுவீங்களாம்மா?" என்று கேட்டால்தான் சுருக்குப்பையை எடுத்துக் காட்டுவார்கள்.