மசோதாவுக்குள் மதம் புகுந்திருக்கிறதா? அமெரிக்கச் சட்டத்தைப் பிரித்துப் படிக்கும் வழி

டெக்சாஸில் 2025இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பைபிளில் வரும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும், அளவு 16க்கு 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முந்தைய வருடமே லூசியானாவில் இதே மாதிரி ஒன்று வந்துவிட்டது. இரண்டும் நீதிமன்றத்துக்குப் போயின. டாலஸ், ஹூஸ்டன் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களை எட்டிப் பார்த்தால் இதற்கு இரண்டே பதில்தான் கிடைக்கும். "அமெரிக்காவில் மதமும் அரசும் தனித்தனி, இது செல்லவே செல்லாது" என்பார் ஒருவர். "அது கிறிஸ்தவ நாடு, அப்படித்தான் இருக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே மசோதாவைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைத் திறந்து எங்கே, எதைப் பார்ப்பது என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். சட்டப் படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு பென்சில், ஒரு மணி நேரம், கொஞ்சம் பொறுமை.

தொடங்குவதற்கு முன்னால் ஒன்று: நம்மூர் அளவுகோலைக் கொண்டுபோய் அங்கே வைக்காதீர்கள். இந்திய அரசியல் சட்டத்தின் 290-ஏ பிரிவைப் பாருங்கள். பழைய திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதிகளின் கோயில்களைப் பராமரிக்க, தமிழக அரசு ஆண்டுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்று அரசியல் சட்டமே தொகை போட்டு எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இப்படி ஒரு வரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அங்கே அளவுகோல் 1791இல் சேர்ந்த முதல் திருத்தம். அதில் மதத்தைப் பற்றி இரண்டே விஷயங்கள்தான் இருக்கின்றன: அரசு ஒரு மதத்தை நிலைநாட்டும் சட்டம் போடக் கூடாது, மக்கள் தங்கள் மதத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுக்கும் சட்டமும் போடக் கூடாது. மதத்தையும் அரசையும் "பிரிக்கும் சுவர்" என்று எல்லாரும் சொல்வது அரசியல் சட்டத்தில் கிடையாது. 1802இல் டான்பரி ஊர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு அதிபர் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் இந்தத் திருத்தம் காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தியது, மாசசூசெட்ஸ் மாநிலம் 1833 வரை தேவாலயங்களுக்கு வரி ஆதரவு கொடுத்துக்கொண்டிருந்தது. மாநிலச் சட்டங்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1940இலும் 1947இலும்தான் சொன்னது.

சரி, வேலைக்கு வருவோம்.

செய்தியை மூடிவிட்டு மசோதா எண்ணைத் தேடுங்கள். எந்த மாநிலமாக இருந்தாலும் சட்டமன்ற இணையதளத்தில் முழு உரையும் இருக்கும். ஒரே மசோதாவுக்கு அறிமுகமானபோது இருந்த வடிவம், சட்டமன்றக் குழுவில் திருத்திய வடிவம், கடைசியாக நிறைவேறிய வடிவம் என்று மூன்று நான்கு இருக்கும், கடைசியை எடுங்கள். செய்திகள் பாதி நேரம் முதல் வடிவத்தைப் பற்றியே கத்திக்கொண்டிருக்கும். பல மாநிலங்களில் புதிதாகச் சேர்த்த சொற்களுக்குக் கீழே கோடும், நீக்கியவற்றின் மேல் குறுக்குக் கோடும் போட்டிருப்பார்கள். நம் கண் போக வேண்டியது அந்தக் கோடுகளுக்கு.

நேராக வரையறைகள் பகுதிக்குப் போங்கள். எல்லாரும் தாண்டிப் போவது இதைத்தான், சூட்சுமம் இருப்பதும் இங்கேதான். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஃபுளோரிடாவின் ஹயாலியா நகரம். கியூபாவிலிருந்து வந்தவர்கள் பின்பற்றும் சான்டேரியா மதத்தார் 1987இல் அங்கே ஒரு வழிபாட்டிடம் திறக்கப்போவதாக அறிவித்தார்கள். அவர்கள் வழிபாட்டில் கோழி, ஆடு பலி உண்டு, நம்மூர்க் கிடா வெட்டு மாதிரி. நகர மன்றம் பதறிப்போய் வரிசையாகச் சட்டங்கள் போட்டது. எந்தச் சட்டத்திலும் அந்த மதத்தின் பெயர் இல்லை, பொது சுகாதாரம், மிருக வதை என்றுதான் இருந்தது. ஆனால் "பலி" என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த வரையறையைப் பாருங்கள்: சடங்கில், தேவையில்லாமல், உணவை முதன்மை நோக்கமாகக் கொள்ளாமல் ஒரு மிருகத்தைக் கொல்வது. வேட்டைக்குத் தடை இல்லை. தெரு நாயை ஊசி போட்டுக் கொல்லத் தடை இல்லை. எலி மருந்துக்குத் தடை இல்லை. யூதர்களின் கோஷர் முறை அறுப்புக்கு விதிவிலக்கு. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் தடைக்குள் மாட்டுவது அந்த ஒரு சபைதான். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை என்றார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் முறை எளிது. ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் சட்டம் தடுக்கிறவை, வலது பக்கம் சட்டம் விட்டுவிடுகிறவை. விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக வலது பக்கம் தள்ளத் தள்ள, இடது பக்கம் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே ஒரு கூட்டம் நின்றால் மேலே எவ்வளவு பொதுவான மொழியில் எழுதியிருந்தாலும் அது பொதுச் சட்டம் இல்லை. எண்களையும் விடாதீர்கள், சில நேரம் ஓர் எண்ணுக்குள் ஒரு மதமே ஒளிந்திருக்கும். மின்னசோட்டாவில் நன்கொடை வசூலிக்கும் மத அமைப்புகள் பாதிக்கு மேல் பணத்தைத் தங்கள் உறுப்பினர்களிடமிருந்தே பெற்றால் அரசிடம் கணக்குக் காட்ட வேண்டாம், இல்லையென்றால் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய, பெரிய சபைகள் தப்பித்துக்கொள்ள, தெருவில் நின்று வசூலிக்கும் புதிய சபைகள் மாட்டின. 1982இல் அதுவும் போயிற்று.

அடுத்து, நோக்கம். மசோதாவின் தலையில் "இன்ன காரணத்தால் இதை இயற்றுகிறோம்" என்று சில வரிகள் இருக்கும். அதைப் படியுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். கென்டக்கி 1978இல் வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொன்னது, அளவு அதே 16க்கு 20 அங்குலம் (டெக்சாஸ்காரர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்). அச்சடிக்கும் பணம் நன்கொடையாகத்தான் வந்தது. கீழே பொடி எழுத்தில், மேற்கத்திய நாகரிகத்தின் அடிப்படைச் சட்டமாக இவை ஏற்கப்பட்டிருப்பதே இவற்றின் மதம் சாராத பயனைக் காட்டுகிறது என்று ஒரு குறிப்பும் போட வேண்டும். 1980இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்தச் சட்டத்தை அடித்தது. பொடி எழுத்தும் நன்கொடையும் காப்பாற்றவில்லை. கொலை செய்யாதே, திருடாதே என்பவை சரி, என்னைத் தவிர வேறு தெய்வம் உனக்கு வேண்டாம் என்பதற்கு மதம் சாராத பயன் என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: எந்தப் பத்து? யூதர்களும் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்டுகளும் அந்தப் பத்தை ஒரே மாதிரி எண்ணுவதில்லை. மசோதாவில் வார்த்தைகள் அப்படியே அச்சாகியிருந்தால், ஒரு பிரிவின் வாசகத்தை அரசு தேர்ந்தெடுத்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கும், நானே பல காலம் செய்திருக்கிறேன். ஒரு சட்டம் ஒரு மதத்தின் போதனையோடு ஒத்துப்போகிறது என்பதாலேயே அது மதச் சட்டம் என்று முடிவுகட்டுவது. திருட்டைத் தண்டிக்கும் சட்டமும் பைபிளோடு ஒத்துத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கடையடைப்புச் சட்டங்கள் தேவாலயத்துக்காகப் பிறந்தவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் இன்று அவை எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளாக நிற்கின்றன என்று 1961இல் நீதிமன்றம் அவற்றை விட்டுவைத்தது. கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் தருவதைத் தடுக்கும் விதியை எதிர்த்து, இது கத்தோலிக்கக் கொள்கை என்று வாதிட்டபோது, ஒத்துப்போவது மட்டும் குற்றமாகாது என்று 1980இல் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் "இது அவர்கள் மதத்தில் இருக்கிறது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வாதம் வாசலிலேயே விழுந்துவிடும்.

அதே போல, மசோதா கொண்டுவந்தவர் பாதிரியார் என்பதும் வாதம் இல்லை. மதகுருக்கள் சட்டமன்றத்தில் உட்காரக் கூடாது என்று டென்னசியில் ஒரு விதி இருந்தது, மாநில அரசியல் சட்ட மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கும் அதை நீட்டியபோது 1978இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத்தான் தூக்கி எறிந்தது. ஆளைப் பார்க்காதீர்கள், வாசகத்தைப் பாருங்கள்.

அப்புறம் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். எனக்குக் கேட்டால் இந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. மதுக்கடைக்கும் கோயிலுக்கும் இத்தனை தூரம் இருக்க வேண்டும் என்ற விதி நமக்குப் பழக்கம்தானே? மாசசூசெட்ஸிலும் 500 அடி என்று ஒரு விதி இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் அங்கே தூரம் தானாகத் தடுக்காது. 500 அடிக்குள் இருக்கும் தேவாலயமோ பள்ளியோ எழுத்தில் ஆட்சேபித்தால் மட்டும் உரிமம் கிடையாது. கேம்பிரிட்ஜ் நகரில் ஓர் உணவகம், பின்பக்கம் பத்தடி தள்ளி ஓர் ஆர்மீனியக் கத்தோலிக்கத் தேவாலயம். தேவாலயம் எழுதிக் கொடுத்தது, உரிமம் போச்சு. வழக்கு மேலே போய் 1982இல் 8க்கு 1 என்று உணவகம் ஜெயித்தது. தேவாலயத்தைச் சுற்றி மதுவே கூடாது என்று அரசு தானே சொல்லலாம். தேவாலயத்தின் கருத்தைக் கேட்டுவிட்டு அதிகாரி முடிவெடுக்கலாம். ஆனால் அந்த முடிவையே தேவாலயத்தின் கையில் கொடுக்கக் கூடாது. ஆக, மசோதாவில் "ஒப்புதலுடன்", "ஆட்சேபித்தால்", "பரிந்துரைப்படி" என்று வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். அந்த ஒப்புதலைத் தருவது யார்?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பழைய நம்பிக்கைகள் பெரும்பாலும் காலாவதியாகிவிட்டன. மதப் பள்ளிக்கு அரசுப் பணம் போனாலே தப்பு என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன 1947 வழக்கிலேயே, சுவரைப் பற்றி அவ்வளவு உயர்வாகப் பேசிய அதே தீர்ப்பு, கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தைப் பெற்றோருக்குத் திருப்பித் தருவது செல்லும் என்றுதான் முடிந்தது. 2002இல், பள்ளிக் கட்டணத்துக்காக அரசு பெற்றோர் கையில் கொடுக்கும் கல்விச் சீட்டு (வவுச்சர்) செல்லும் என்றார்கள். 2022இல் மெய்ன் மாநில வழக்கில் ஒரு படி மேலே போய், தனியார் பள்ளிக்குப் பணம் தந்தால் மதப் பள்ளியை மட்டும் ஒதுக்கக் கூடாது என்றார்கள். பணம் அரசிடமிருந்து பள்ளிக்கு நேராகப் போகிறதா, பெற்றோரின் தேர்வு வழியாகப் போகிறதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படிக்கும் கட்டுரை எந்த ஆண்டு எழுதியது என்று கட்டாயம் பாருங்கள். 1971இன் லெமன் வழக்கில் நீதிமன்றம் மூன்று கேள்விகளைக் கொடுத்தது: மதம் சாராத நோக்கம் உண்டா, முதன்மையான விளைவு மதத்தை வளர்க்கவோ ஒடுக்கவோ செய்கிறதா, அரசும் மதமும் அளவுக்கு மீறிப் பின்னிக்கொள்கின்றனவா. நாற்பது ஐம்பது வருடம் பாடப்புத்தகங்கள் இதையே சொல்லிக்கொடுத்தன, இணையத்தில் இன்னமும் இதுதான் சுற்றுகிறது. 2022இல், மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபித்த பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில், லெமனைக் கைவிட்டு, வரலாற்றையும் மரபையும் பார்த்து முடிவுசெய்யப்போகிறோம் என்றார்கள். மரபு என்றால் யாருடைய மரபு என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது, ஆனால் இன்றைய விதி அதுதான். சட்டமன்றக் கூட்டம் ஜெபத்தோடு தொடங்குவது 1983இலேயே இந்த வரலாற்றுக் காரணத்தைச் சொல்லித்தான் தப்பித்தது. ஆகவே, மசோதாவில் மதத்தின் பெயரை மாற்றிப் போட்டு, அப்போதும் சரியாகத் தோன்றுகிறதா என்று பாருங்கள் எனப் பலர் சொல்லும் உத்தி உங்கள் மனசாட்சிக்கு உதவும், வழக்குக்கு அவ்வளவாக உதவாது.

மறுபக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். மதத்தின் பெயரே இல்லாத சட்டம் யாருடைய வழிபாட்டையாவது நசுக்கலாம். 1990இல், பூர்வகுடிகளின் சடங்கில் பயன்படும், போதை தரும் பெயோட்டிக் கள்ளி பற்றிய வழக்கில், எல்லாருக்கும் பொதுவான நடுநிலைச் சட்டம் என்றால் மதக் காரணம் சொல்லி விலக்குக் கேட்க அரசியல் சட்டத்தில் உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பதிலடியாகக் காங்கிரஸ் 1993இல், அப்படி விலக்குக் கேட்க வழிவிடும் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997இல் ஆகிவிட்டதால், பல மாநிலங்கள் தங்களுக்கென்று ஒன்று போட்டுக்கொண்டன. உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் உங்கள் தாளில் நாலைந்து உட்பிரிவு எண்கள் மிஞ்சும். மசோதா இன்னும் குழுவில் இருந்தால் பொது விசாரணை நாளைப் பார்த்துப் பெயர் பதியுங்கள். கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான், அதில் ஜெஃபர்சனையும் சுவரையும் ஆரம்பித்தால் மணி அடித்துவிடும். "இந்த உட்பிரிவில் உரிமத்தை மறுக்கும் அதிகாரம் தேவாலயத்துக்குப் போகிறது, அதிகாரியிடம் விடுங்கள்" என்று திருத்தத்தையே கையில் கொண்டுபோங்கள். மசோதா நிறைவேறி வழக்காகிவிட்டது என்றால், எந்த நீதிமன்றம், தடையாணை யாருக்கெல்லாம் பொருந்தும் என்று பாருங்கள். சில தடைகள் வழக்குப் போட்ட பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும்தான். ஓக்லஹோமாவில் அரசுப் பணத்தில் கத்தோலிக்கப் பள்ளி நடத்தும் வழக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் 4க்கு 4 என்று நின்றது. ஒரு நீதிபதி விலகியிருந்தார். மாநில நீதிமன்றம் கூடாது என்று சொன்னது அப்படியே நிலைத்தது, ஆனால் மற்ற மாநிலங்களுக்கு அது முன்னுதாரணம் ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது அதைக் காட்டி "உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது" என்றால், இதைச் சொல்லிவிடுங்கள்.