பீலிக்கரையில் தொடங்கும் பாடம்: மலையகத்தில் சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் வழி

பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்தவுடன், "எப்போது எழுத வைக்கப் போகிறீர்கள்?" என்ற கேள்வி பக்கத்துக் காம்பிராவிலிருந்து, அதாவது லயத்து வரிசை வீட்டின் அடுத்த அறையிலிருந்து, வந்துவிடும். என் மூத்த மகளுக்கு நான்கு வயது நடந்தபோது அந்தக் கேள்விக்குப் பயந்து நானும் ஒரு கொப்பி வாங்கினேன். "அ" என்ற எழுத்தை ஒரு பக்கம் முழுவதும் எழுதச் சொன்னேன். மூன்றாவது வரியில் அவள் அழத் தொடங்கினாள். நானும் சத்தம் போட்டேன். மறுநாள் மழை விட்டபின் லயத்துக்குப் பின்னால் கானில் (வடிகாலில்) தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கான் நேரே கீழிறங்கி ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்புவதைக் கையால் காட்டி, "அம்மா, இது ட மாதிரி இருக்கு" என்றாள். முன்பள்ளிச் சுவரில் எப்போதோ பார்த்த எழுத்து அவள் மனதில் இருந்திருக்கிறது. அன்று ஈர மண்ணில் குச்சியால் பத்து "ட" எழுதினாள். நான் எழுதச் சொல்லவில்லை.

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், தரம் 1 வந்தவுடன் பிள்ளை பாடசாலைக்குப் போயாக வேண்டும். இங்கே நான் எழுதுவது அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளைப் பற்றியும், பின்னர் வரும் விடுமுறை நாட்களைப் பற்றியும் ஆகும். இதற்கெனத் தனி அறையோ, விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளோ தேவையில்லை. நாம் எப்படியும் செய்யப் போகும் வேலையைப் பிள்ளையோடு சேர்ந்து பாதி வேகத்தில் செய்வதும், அந்த வேலைக்குள் ஒரே ஒரு கேள்வியை வைப்பதும் போதும். பாதி வேகம் என்பதுதான் கடினமான பகுதி. காலை பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க, ஓட வேண்டிய தாய்க்கு அது முடியாது. முடியாத நாளில் செய்யாமல் விடுவதில் தவறில்லை. மாலையில் அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முற்பகல் என்று கிடைத்தாலே மிகுதி.

வீட்டைச் சுற்றி

பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது பிள்ளையிடம் ஒரு செம்பைக் கொடுங்கள். வாளியைக் காட்டி, "இது நிறைய எத்தனை செம்பு வேண்டும்?" என்று முதலில் கேளுங்கள். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மதிப்பைச் சொல்ல வைப்பது முக்கியம். என் மகள் முதல் நாள் "நூறு" என்றாள், ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த பெரிய எண் அதுதான். ஊற்றிப் பார்த்தபோது பதினான்கு வந்தது. அடுத்த நாள் "இருபது" என்றாள். ஒரு வாரத்தில் குடத்தைப் பார்த்தே சரியாகச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள். மதிப்பு தவறும்போது திருத்த வேண்டாம், வாளியே திருத்திவிடும். இதற்குள் எண்ணுதல், அளவு, ஒப்பிடுதல் மூன்றும் வந்துவிடுகின்றன. கூடவே, தண்ணீரைச் சிந்தாமல் சுமக்கும் கையின் பழக்கமும் வருகிறது. பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப் போவதும் அதே கைதான்.

ரொட்டி சுடும் நாள் இன்னொரு வாய்ப்பு. இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை தேங்காய்ப்பூ என்று பிள்ளையே அளந்து போடட்டும், உப்பை மட்டும் நீங்கள் போடுங்கள். மாவைப் பிசைவதும் தட்டுவதும் விரல்களுக்கு மிக நல்ல பயிற்சி. ரொட்டி வட்டமாக வராவிட்டாலும் அப்படியே கல்லில் போடுங்கள். பிள்ளை தான் தட்டிய ரொட்டியைத் தானே அடையாளம் கண்டு எடுக்க வேண்டும். சுட்டபின் இரண்டாகவும் நான்காகவும் பிய்த்துப் பங்கிடும்போது பாதி, கால் என்ற சொற்கள் தாமாக வருகின்றன. கால் ரொட்டிக்கும் பாதி ரொட்டிக்கும் உள்ள வேறுபாட்டைப் பசியோடு இருக்கும் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்துக் கரையில் ஒரு பாய் அளவு நிலம் கிடைத்தால் போஞ்சி போடலாம். ஒரு வாரம் பத்து நாளில் முளை தலைகாட்டிவிடும் என்பதால் பிள்ளையின் பொறுமை தாங்கும். கரட், லீக்ஸ் போன்றவை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். கொடி வீசத் தொடங்கியதும் ஒரு கம்பை நட்டு, அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நுனியை மெல்லக் கழற்றி எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிடுங்கள். ஓரிரு நாளில் கொடி உங்கள் ஏற்பாட்டை மதிக்காமல் மீண்டும் பழைய பக்கத்துக்கே திரும்பியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை உயரத்தைச் சாணால் அளந்து, கம்பில் ஒரு நூல் கட்டலாம். அம்மாவின் சாணும் பிள்ளையின் சாணும் ஒன்றாக இல்லையே என்ற சிக்கல் எழும். அடிமட்டம் எதற்கு என்பதை அன்றுதான் சொல்ல வேண்டும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பீலி, கான், இஸ்தோப்பு, கவ்வாத்து, கொழுந்து என்று நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்கும் சொற்கள் பலவும் பாடநூலில் இருப்பதில்லை. அதற்காக அவற்றை "பிழையான தமிழ்" என்று வீட்டில் யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். பொருளை நம் சொல்லாலேயே பிள்ளை முழுமையாக அறியட்டும். கானுக்கு வடிகால் என்றும் இஸ்தோப்புக்கு முன் விறாந்தை என்றும் வேறு பெயர் உண்டு என்பதைப் பிறகு சேர்த்துச் சொல்லலாம். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் தெரிந்த பிள்ளை வகுப்பில் வாய் திறக்கத் தயங்காது.

தேயிலையும் மழையும்

தேயிலையைத் தினமும் பார்த்தும் அது எப்படித் தேத்தண்ணீர் ஆகிறது என்பது தெரியாமலே நம் பிள்ளைகள் பலர் வளர்கிறார்கள். ஒரு மாலையில் இதைச் செய்து பாருங்கள். வீட்டோரத்திலோ தெரிந்தவரின் சிறு தோட்டத்திலோ, அண்மையில் மருந்து அடிக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கைப்பிடி கொழுந்தைப் பிள்ளையே கிள்ளட்டும். இரவு முழுவதும் அதைச் சுளகில் பரப்பி வாடவிடுங்கள். காலையில் இலை துவண்டு மெத்தென்று இருக்கும். முதல் நாள் மடித்தால் முறிந்த காம்பு இப்போது முறியாமல் வளையும். அதை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சாறு கசியும் வரை பிள்ளை உருட்ட வேண்டும். கை பச்சையாகும், பச்சை வாசம் வரும். உருட்டியதைத் தட்டில் வைத்துவிட்டு அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால், பச்சை மங்கிச் செம்பு நிறம் ஏறுவதும், வாசம் மாறிப் பழம்போல் இனிப்பதும் தெரியும். நசுங்கிய இலையின் சாறு காற்றோடு சேர்வதால் வரும் மாற்றம் இது. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதைக் காட்டி ஒப்பிடலாம். பிறகு மெல்லிய நெருப்பில் சட்டியில் வறுத்துக் காயவையுங்கள். கடைசியில் கிடைப்பது ஒரு தேக்கரண்டித் தூள்தான். "இவ்வளவுதானா?" என்று பிள்ளை கேட்கும்போது, ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதைச் சொல்லி, அம்மாயியின் கூடையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இலங்கையில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஆண்டு 1867 என்பதும், அதிலிருந்து எத்தனை தலைமுறை இந்தக் கூடையைச் சுமந்தது என்பதும் பிள்ளை வளர்ந்தபின் கேட்க வேண்டிய கதைகள். தேத்தண்ணீர் சுமாராகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் புகை வாசம் அடித்தது.

மழையை அளக்கும் போத்தல் மலைநாட்டில் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியது என்பது என் எண்ணம். பக்கங்கள் நேராக இருக்கும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனலாகச் செருகுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால் சிறு கற்களைப் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழியம் என்று குறியுங்கள். அதிலிருந்து அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடுகளை ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் நட்டு, தினமும் ஒரே நேரத்தில் பிள்ளை வாசித்துச் சொல்ல வேண்டும். பிறகு சுழியம் வரை கொட்டிவிட வேண்டும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை கோடுகள் வேகமாக ஏறும். அதே ஆடி, ஆவணியில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்றே வீசும். அங்கே உறவினர் இருந்தால் இரண்டு வீட்டுப் போத்தலையும் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பாருங்கள். மலை மழையைத் தடுக்கிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

இந்தப் போத்தல் விளையாட்டுக்கு மட்டும் அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற மழை அளவுகளைப் படிகளாகக் கொள்கிறது. அந்த மூன்று இடத்திலும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நூல் கட்டுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நம்மில் யாரும் மறக்கவில்லை. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் வீட்டில் சொல்ல வேண்டும் என்பதையும் பிள்ளைக்குப் பழக்கலாம், பயமுறுத்தாமல். போத்தல் குறைவாகக் காட்டினாலும் வெளியேறச் சொல்லி அறிவித்தால் வெளியேறிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். எண்களை அடையாளம் காணவும் அது உதவும்.

வெளியே போகும்போது

நடையில் பிள்ளை முன்னே போகட்டும். அரைக் கிலோமீற்றர் போக ஒரு மணி நேரம் ஆகலாம்; ஆகட்டும். ஓடையில் இறங்குவதற்கு முன் மேலே மலை கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை எங்களுக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் வரத் தொடங்கின; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிச் சிறிது நேரத்தில் நாங்கள் நின்ற கல் மூழ்கிவிட்டது. அதன்பின் மாரி மாதங்களில் ஓடைக்குப் போவதில்லை. அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசலாம். கடித்துவிட்டால் நகத்தால் மெல்லத் தள்ளினால் போதும். குளவிதான் உண்மையான ஆபத்து. கூடு இருக்கும் மரத்துக்கோ பாறைக்கோ கீழே பிள்ளையோடு நிற்காதீர்கள், கல்லெறிய விடாதீர்கள். கலைந்துவிட்டால் உடனே வீட்டுக்குள் போய்க் கதவை அடைக்க வேண்டும், பல இடத்தில் கொட்டியிருந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் விடியுமுன்பும் இருட்டும் நேரத்திலும் நடையே வேண்டாம்.

சிறு பிள்ளையோடு செய்யக்கூடிய பயணங்களில் புகையிரதத்துக்கு இணையாக ஒன்றை நான் காணவில்லை. ஹற்றனிலிருந்து கொட்டகலைக்கு ஒரே ஒரு தரிப்பு போனால் போதும். நிலையத்தின் பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருக்கும்; தமிழ் வரியைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். இடையில் வரும் நீண்ட சுரங்கத்துக்குள் இருட்டில் சேர்ந்து எண்ணுங்கள், வெளிச்சம் வரும்போது எந்த எண்ணில் இருந்தோம் என்பதைத் திரும்பும்போது ஒப்பிடலாம். ஆறு வயதுக்காரர்களுக்குத் தெமோதரை நிலையம் மிகப் பிடிக்கும்: பாதை வளைந்து இறங்கி, தான் நின்ற நிலையத்துக்குக் கீழேயே சுரங்கம் வழியாகப் போகிறது. போவதற்கு முன் வீட்டில் ஒரு கயிற்றை அப்படி வளைத்துக் காட்டுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு நான்கு வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதை நான் ஆதரிக்க மாட்டேன். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல்; விடிகாலைக் குளிர் வேறு. பாதி வழியில் பிள்ளை உங்கள் முதுகில் இருக்கும், உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். ஹக்கலைப் பூங்காவில் ஒரு முற்பகல் அதைவிட எவ்வளவோ மேல்.

பெற்றோர் தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் பிள்ளை அப்பாயியோடுதான். அவரிடம் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். தாலாட்டையும் விடுகதையையும் கேட்டு வாங்கும்படி பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். மாசியில் காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கத் தொடங்கும்போது அந்த அடியை வீட்டில் தகரத்தில் தட்டிப் பார்ப்பதும் எண்ணிக்கைதான். எங்கள் சின்னவன் விடுகதை கேட்டுக் கேட்டு ஒருநாள் தானே ஒன்று கட்டினான்: "காலையில் வீட்டை ஒளித்து வைக்கும், வெயிலைக் கண்டால் ஓடிப்போகும்." விடை, மூடுபனி.

கடைசியாக ஒரு கொப்பி வேண்டும், எழுதிப் பழக அல்ல. இரவு படுக்குமுன் அன்று பார்த்ததைப் பிள்ளை ஒரு வரியில் சொல்ல, திகதியோடு நீங்கள் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பக்கத்தில் அது ஒரு படம் போடட்டும். சில மாதங்களில் எண்களைத் தானே எழுதக் கேட்கும், பிறகு எழுத்துகளை. சின்னவன் முதன்முதலில் தன் கையால் எழுதிய பக்கம் எங்களிடம் இருக்கிறது, இரண்டாவது எழுத்து தலைகீழாக இருந்தாலும் வாசிக்க முடிகிறது: "மழை 12. அட்டை 3."