விரும்பிய வேலை ஏன் கைநழுவுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருமுறை நான் அனுப்பிய விண்ணப்பத்தில், முந்தைய வாரம் விண்ணப்பித்த வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே பல்லிளித்துக்கொண்டிருந்தது. 'தங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது என் நெடுநாள் கனவு' என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிறருடைய விண்ணப்பங்களைப் படிக்க நேர்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. பெயரை மாற்ற மறந்தது சின்னத் தவறு. அந்தக் கனவு வரிதான் பெரிய தவறு.

ஆள் எடுப்பவர் ஏதோ ஒரு தலைவலியோடு இருக்கிறார். வேலை தேங்கிக் கிடக்கிறது, அல்லது பொறுப்பில் இருந்தவர் விலகிவிட்டார். அது என்ன என்று யோசிக்காமல் நம் ஆசையையே எழுதிக்கொண்டிருந்தால் அவருக்கு என்ன பயன்? 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லும் பாலங்கள், பீரங்கிகள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி என்று போர்க்கலையாகவே அடுக்கிக்கொண்டு போகிறார். ஓவியம் தீட்டவும் வரும் என்பது கடைசியில்தான் வருகிறது. படிக்கப்போகிறவரின் கவலை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சுயவிவரத்திலும் இதே கோளாறுதான். 'வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பணி. புகார்களைக் கையாளுதல்' என்று எழுதுகிறோம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதை எழுதலாமே. 'புகாருக்குப் பதில் போக 3 நாள் ஆகிக்கொண்டிருந்தது. அடிக்கடி வரும் 20 கேள்விகளுக்கு மாதிரிப் பதில் எழுதிவைத்தேன். அதன்பின் பெரும்பாலான பதில்கள் அன்றைக்கே போயின' என்று எழுதிப் பாருங்கள். இப்போது ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். எண்கள் மட்டும் உண்மையாக இருக்கட்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வரலாம்.

அழகுக்காகப் பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிப்பது, கட்டம், படம் என்று சுயவிவரத்தை அலங்கரிப்பவர்களும் உண்டு. பல நிறுவனங்களில் அதை முதலில் படித்துப் பிரிப்பது மென்பொருள்; சிக்கலான அமைப்பில் அது வரிகளைக் கலந்துவிடக்கூடும். முழுவதையும் நகலெடுத்து வெற்று உரைக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்தால் அமைப்பை எளிமையாக்குங்கள்.

விளம்பரத்தில் கேட்ட 10 தகுதிகளில் 7 இருந்தும் ஒதுங்கிக்கொள்வது தேவையற்ற அடக்கம். உரிமம், குறிப்பிட்ட பட்டம் போன்ற கட்டாயங்கள் வேறு. மற்றவை பெரும்பாலும் ஆள் எடுப்பவரின் ஆசைப் பட்டியல். அதற்காகக் கண்ணில் பட்ட நூறு இடங்களுக்கும் ஒரே கோப்பை வீசுவதும் உதவாது. என் கதிதான் நேரும்.

வேலை தேடுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம்; சொன்னாலும் நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. அறிமுகத்தின் வழியே வேலை கிடைத்தவர்களில் பலருக்கு உதவியது எப்போதாவது சந்திக்கும் மனிதர்கள்தான். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்த செய்திகளே தெரிந்திருக்கும். பழைய சகாவுக்கோ வேறொரு வட்டம் இருக்கும். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 2022இல் வெளியாயின. மிக நெருக்கமும் இல்லாத, அடியோடு விட்டுப்போகவும் இல்லாத அறிமுகங்களே வேலை மாற அதிகம் கைகொடுக்கின்றன என்பதை அவையும் காட்டின.

ஆனால் எடுத்த எடுப்பில் 'ஒரு வேலை வாங்கித் தர முடியுமா?' என்று கேட்டுவிடாதீர்கள். அது எதிரில் இருப்பவரை ஓட வைக்கும். 'உங்கள் பிரிவில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள 15 நிமிடம் கிடைக்குமா?' என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தன் வேலையைப் பற்றிப் பேசக் கசக்கிறவர் குறைவு.

நேர்காணலில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் பள்ளிக்கூடத்தில் ஆரம்பிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும் தாளையே திரும்ப ஒப்பிப்பதில் யாருக்கு என்ன லாபம்? பழைய மேலாளரைத் திட்டுவதும் அப்படியே; நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும், நாளை நம்மையும் இப்படித்தான் பேசுவார் என்றே எதிரில் இருப்பவர் நினைப்பார். கடைசியில் 'கேட்க ஏதாவது இருக்கிறதா?' என்றால் 'இல்லை' என்று எழுந்துவிடாதீர்கள். ஒருவர் என்னிடம், 'சேர்ந்த 3 மாதத்தில் நான் எதை முடித்தால் உங்களுக்கு நிம்மதி?' என்று கேட்டார். அடுத்த பத்து நிமிடமும் நான்தான் பேசினேன். அவருக்கே வேலை கொடுத்தோம்.

சம்பளப் பேச்சுக்கு, அதே பொறுப்புக்கு மற்ற நிறுவனங்களில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். வேலை தர முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். 'எடுத்துக்கொண்டோம்' என்று தொலைபேசியில் சொன்ன மகிழ்ச்சியில் அன்று மாலையே ராஜினாமாவை நீட்டிவிடாதீர்கள். பதவி, சம்பளம், சேரும் தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வரட்டும். அதுவரை இருக்கும் வேலைக்கு வழக்கம்போலப் போய் வாருங்கள்.