மரப்படகின் எக்ஸாஸ்ட்: வெளியே நல்ல ஹோஸ், உள்ளே அடைப்பு

பழைய மரப்படகில் இன்ஜின் நடுவில் இருக்கும். புகை ரப்பர் ஹோஸ் வழியாகப் பின்பக்கம் போகும். இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் புகையோடு கலப்பதால்தான் அந்த ரப்பர் கருகாமல் இருக்கிறது. அதனால் பின்னால் தண்ணீர் குறைந்து வெள்ளை ஆவி கிளம்பினால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

முதலில் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தைக் கழற்றுங்கள். இதழ் ஏதாவது உடைந்திருந்தால் புதிதை மாட்டுவதோடு விடாமல், உடைந்த துண்டையும் தேடி எடுங்கள். அது குழாயில் எங்காவது சிக்கியிருக்கும்.

நான் ஏமாந்தது இதற்கு அடுத்ததில்தான். இம்பெல்லர் புதிது, தண்ணீரும் வந்தது. ஆனால் வேகம் கூட்டினால் இன்ஜின் திணறியது. கார்புரேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்ததால் அதைத் தொடவேயில்லை. கடைசியில் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உள் அடுக்கு பிரிந்து நாக்குபோல் தொங்கியது. மெதுவாக ஓடும்போது படுத்துக் கிடக்கும். புகையின் அழுத்தம் கூடியதும் எழுந்து வழியை மறித்துவிடும். ஆகவே இரண்டு முனையிலிருந்தும் பாருங்கள், உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள்.

பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள், துருப்பிடித்த குழாய் உடையும். நீளவாக்கில் கத்தியால் கீறி உரியுங்கள். புதியது படகு எக்ஸாஸ்டுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் வேண்டவே வேண்டாம். முனையை வெந்நீரில் முக்கினால் இளகி ஏறும். பெட்ரோல் படகில் ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம். ஹோஸ் பின்பக்கம் நோக்கிச் சரிந்தே போக வேண்டும்; நடுவில் தொய்ந்தால் தண்ணீர் தேங்கும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்வதற்கு முன் புளோயரை (இன்ஜின் அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறி) 4 நிமிடமாவது ஓடவிடுங்கள். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஈரமோ கரியோ தெரிகிறதா என்று பாருங்கள். கசிவது கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். அதற்கான அலாரம் இல்லாமல் படகை எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை விடாமல் சுற்றியதில் அது அப்படியே இறுகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் பம்ப் தண்ணீரைத் தள்ளும், ஆனால் அதை வெளியேற்றப் புகை இருக்காது. குழாய் நிரம்பி சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விடும். நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் எடுக்கும் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் பிடித்த உடனே திறந்துவிடுங்கள்.