டொர்னாடோ அடித்த மறுநாள் காலை: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

2020 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்துக்குள்ளேயே டொர்னாடோ என்கிற சுழல்காற்று புகுந்தது. ஜெர்மன்டவுன், ஆற்றைத் தாண்டி ஈஸ்ட் நாஷ்வில், அப்புறம் டோனல்சன், மவுண்ட் ஜூலியட் என்று சுமார் 60 மைல் போய் 5 பேர் உயிரைக் கொண்டுபோனது. நாங்கள் அப்போது ஈஸ்ட் நாஷ்வில்லில் ஃபைவ் பாயின்ட்ஸ் பக்கம் ஒரு பழைய மர வீட்டில் இருந்தோம். மகளைக் குளியல் தொட்டியில் படுக்கவைத்து மேலே மெத்தையைப் போட்டு மூடிக்கொண்டு நானும் மனைவியும் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கூரையில் பாதி இல்லை. அதற்கப்புறம் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு அந்த வாரம் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

விடியும்வரை வெளியே இறங்காதீர்கள். இருட்டில் அறுந்து கிடக்கும் கம்பி தெரியாது. தெருவே இருளில் கிடந்தாலும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதோடு ஒட்டிக்கிடக்கும் வேலி, கிளை, தண்ணீர் எதையும் தொட வேண்டாம். ஆனால் அழுகின முட்டை வாடை வந்தால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம், விடியக் காத்திருக்கக் கூடாது. சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், உடனே வீட்டைவிட்டுத் தள்ளிப்போய் அங்கிருந்து 911 கூப்பிடுங்கள். கேஸை ஒருமுறை மூடிவிட்டால் திரும்பத் திறப்பது கம்பெனி ஆளின் வேலை, நாம் தொடக் கூடாது.

அடுத்தது காலுக்கு. ஸ்போர்ட்ஸ் ஷூ போதாது. மூன்றாம் நாள் பலகை ஒன்றைத் தூக்கிப் போடும்போது அதிலிருந்த இரண்டு அங்குல ஆணி என் ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே வந்தது, காலில் ஏறியது தெரிவதற்குள் சாக்ஸ் நனைந்துவிட்டது. தடித்த பூட்ஸ், தோல் கையுறை, என்95 முகக்கவசம், இந்த மூன்றும் இல்லாமல் இடிபாட்டில் கை வைக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று பாருங்கள். பழைய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம், ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம், இரண்டின் தூசியும் உள்ளே போகக் கூடாது. சீலிங்கிலிருந்து விழும் இளஞ்சிவப்புக் கண்ணாடி இழைப் பஞ்சு தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். எங்கள் தெரு மரங்களில் மாசக்கணக்கில் அந்தப் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். எதையும் கூட்டுவதற்கு முன்னால், எதையும் வெளியே எறிவதற்கு முன்னால், போட்டோ எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையிலும் நின்று வீடியோ எடுத்து, என்ன பொருள், எப்போது வாங்கியது என்று பேசிக்கொண்டே போங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னாலிருக்கும் மாடல் நம்பரைக் கிட்டத்தில் எடுங்கள். ஊறிப்போன கார்ப்பெட்டை எறியத்தான் வேண்டும், இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். ஆனால் உள்ளங்கை அளவு வெட்டி ஒரு கவரில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு சுத்தமாக வேண்டும் என்கிற ஆத்திரத்தில் நாங்கள் முதல் நாளே பாதியை எறிந்துவிட்டோம், அந்தப் பாதிக்கு, சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டரிடம் ஆதாரம் காட்ட முடியாமல் நின்றோம்.

போட்டோ எடுத்ததும் தார்ப்பாய். மேலும் சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிப்படி நம் பொறுப்பு, அதற்கான செலவை ரசீது காட்டி வாங்கலாம். ஓட்டையை மட்டும் மூடினால் தண்ணீர் மேலிருந்து அடியில் புகுந்துவிடும். தார்ப்பாயைக் கூரையின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் வரை போர்த்தணும், ஓரத்தை ஒரு நீளக் கட்டையில் சுற்றி அந்தக் கட்டையோடு சேர்த்து ஆணி அடிக்கணும். வெறும் தார்ப்பாயில் அடித்த ஆணி அடுத்த காற்றிலேயே கிழித்துக்கொண்டு வரும். கூரை ஈரமாக இருந்தால் தயவுசெய்து நீங்கள் ஏற வேண்டாம்.

காற்றுச் சேதம் சாதாரண வீட்டுப் பாலிசியிலேயே பொதுவாக வரும், வெள்ளம்தான் வராது. பக்கத்து வீட்டு மரம் உங்கள் கூரையில் விழுந்தால் பெரும்பாலும் உங்கள் இன்ஷூரன்ஸ்தான் கொடுக்கும், அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். காருக்கு காம்ப்ரிஹென்சிவ், அதாவது மோதல் அல்லாத சேதத்துக்கான இன்ஷூரன்ஸ், இருக்கணும். வாடகைக்கு இருப்பவர்களின் சாமானுக்கு வீட்டுக்காரரின் பாலிசியில் ஒரு பைசா வராது, சொந்தமாக ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால்தான் உண்டு. ஓட்டல் அறை, வெளியே சாப்பிட்டதில் கூடுதலான செலவு இதற்கும் பல பாலிசிகளில் இடம் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். முதல் செக் குறைவாக வந்தால் பதறாதீர்கள். நிறைய பாலிசிகளில் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு முதலில் கொடுப்பார்கள், வேலை முடித்து பில் காட்டினால் மீதி வரும், அதற்குக் கெடு உண்டு. வீட்டுக் கடன் இருந்தால் செக்கில் பேங்க் பெயரும் சேர்ந்து வரும்.

மின்சாரத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கம்பத்திலிருந்து வரும் கம்பி கம்பெனியுடையது, ஆனால் அது வீட்டில் வந்து சேரும் அந்தக் குழாய் வழக்கமாக நம்முடையது. அது வளைந்திருந்தால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் சரிசெய்து, இன்ஸ்பெக்ஷன் முடிந்தால்தான் இணைப்புக் கொடுப்பார்கள். தெரு முழுக்க விளக்கு வந்து நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள். ஜெனரேட்டரை வெளியே, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கராஜில் வைக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் சரி.

கதவைத் தட்டி வருகிறவர்கள் முதல் நாள் மதியமே வந்துவிட்டார்கள். "இன்ஷூரன்ஸோடு நாங்களே பேசிக்கிறோம், இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்தில் உங்கள் க்ளெய்ம் அவர்கள் கைக்குப் போகலாம். டிடக்டிபிளை, அதாவது க்ளெய்மில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, தள்ளுபடி செய்கிறேன் என்பவரிடமும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அம்மா ஒருவர் முழு முன்பணமும் கொடுத்து, ஒரு லாரி மரக்கட்டையோடு ஏமாந்து நின்றார். லைசென்ஸ் நம்பரை மாநில இணையதளத்தில் பாருங்கள், வேலை நடக்க நடக்கக் காசு கொடுங்கள். வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று வருபவர்கள் இன்னொரு வகை. வடக்கு நாஷ்வில்லில் தலைமுறையாக இருந்த கறுப்பினக் குடும்பங்களை இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வீடு உடைந்த வாரத்தில் எந்த வீட்டையும் விற்கக் கூடாது.

எங்களைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு: எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு, பேரிடர் உதவிக்கான மத்திய அரசு அமைப்பான ஃபெமாவின் பண உதவி கிடையாது, கிரீன் கார்டு இருந்தால் உண்டு. ஆனால் வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் சும்மா இருந்துவிடுகின்றன. தங்குமிடம், சாப்பாடு, மருத்துவ உதவிக்கு யாரும் விசா கேட்கக் கூடாது. முதல் கடிதத்தில் "தகுதி இல்லை" என்று வந்தால் முழுக்கப் படியுங்கள், பல சமயம் இன்ஷூரன்ஸ் பேப்பர் ஒன்று குறைவதுதான் காரணமாக இருக்கும். மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கிறது. பாஸ்போர்ட் காணாமல் போயிருந்தால் முதலில் போலீஸ் ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள், தூதரகத்தில் கேட்பார்கள்.

குப்பையைத் தெருவோரம் வைக்கும்போது மரக்கிளை தனி, இடிபாடு தனி, ஃப்ரிட்ஜ் மாதிரி சாதனம் தனி, பெயின்ட், பேட்டரி தனி. கலந்து வைத்தால் லாரி எடுக்காமல் போய்விடும். முற்றத்தில் யாருடைய போட்டோவாவது கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள். எங்கள் வேலியில் ஒரு கல்யாணப் படம் சிக்கியிருந்தது, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து வைத்தோம்.

உதவிக்கு வருகிறவர்கள் முதல் வாரம் குவிவார்கள், அப்புறம் குறைந்துவிடுவார்கள். எங்களுக்கோ இரண்டு வாரத்தில் கொரோனா வந்து தெருவே காலியானது. அதனால் ஆள் பலம் வேண்டிய வேலையை முதல் வாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். தயங்காமல் கேளுங்கள், "ஏதாவது செய்யணுமா" என்று கேட்பவரிடம் "இந்தக் கட்டிலை மாடியிலிருந்து இறக்கணும்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

இங்கே மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு டொர்னாடோ எச்சரிக்கை சைரன் சோதனை நடக்கும். நாங்கள் அதை மறந்தே போனோம். சத்தம் கேட்டதும் மகள் சாப்பாட்டுத் தட்டோடு போய்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டாள். அதிலிருந்து அந்தச் சனிக்கிழமைகளில் காலைத் தோசையின்போதே அவளிடம் சொல்லிவிடுவோம், 12 மணிக்கு மூன்று பேரும் வாசலில் நின்று சைரன் ஓயும்வரை சேர்ந்து கேட்போம்.