குழந்தைக்குப் பெரிது சிறிது பழக்குவது எப்படி

ஒன்றரை வயதுக் குழந்தை உள்ளங்கை அளவு பொம்மைக் காருக்குள் காலை நுழைத்து ஏறப் பார்த்தால் கவலைப்படாதீர்கள். குழந்தை உளவியல் ஆய்வாளர் ஜூடி டெலோச்சும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், ஏறத்தாழ 18 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகள் இப்படிச் செய்வது சகஜம் என்று. காரைப் பார்த்ததும் 'ஏறணும்' என்ற நினைப்பு முந்திக்கொள்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதே குழந்தை அந்தக் குட்டிக் கதவைத் திறக்க விரல்களைச் சரியான அளவுக்குக் குவித்துத்தான் பிடிக்கும். அளவு கைக்குத் தெரிகிறது. 9 மாதத்திலேயே பொருளைத் தொடும் முன்பே அதற்கேற்ப கையை விரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதனால் முதலில் கைக்கு வேலை கொடுங்கள், பேச்சு அப்புறம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்களைவிட நல்ல சாமான் இதற்கு இல்லை என்பேன். தொடக்கத்தில் அளவில் நன்றாக வித்தியாசம் தெரிகிற இரண்டு மூன்று போதும், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பெரியதைச் சின்னதற்குள் திணிக்கப் பார்க்கும்போது உடனே பிடுங்கி மாற்றி வைக்காதீர்கள். நுழையவில்லை என்று கை உணர்வதுதான் பாடமே.

பேச்சு வந்ததும், வெறுமனே 'பெரிய பந்து' என்று சொல்லி நிறுத்தாமல், 'இது அதைவிடப் பெரிசு' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு மேல் ஒரே பந்தை முதலில் கோலிக்குப் பக்கத்திலும் அப்புறம் கால்பந்துக்குப் பக்கத்திலும் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பெரிசாக இருந்தது சின்னதாகிவிடுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நான்கைந்து வயதில் பல குழந்தைகள் உயரமானதையே பெரியது என்று காட்டுவார்கள். உயரம், நீளம், அகலம், தடிமன் என்று தனித்தனிச் சொற்களை அந்த வயதில் நிறையப் புழங்குங்கள்.

குச்சிகளை நீளவாரியாக அடுக்குவது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே கவனித்தபடி, தடுமாறாமல் முறையாக அடுக்க 6, 7 வயது ஆகிறது. தண்ணீரும் அப்படித்தான். அகலமான டம்ளரிலிருந்து ஒல்லியான டம்ளருக்கு மாற்றினால் 'இதில்தான் ஜாஸ்தி' என்று ஐந்து வயதுக் குழந்தை அடித்துச் சொல்லும். வாதாடாதீர்கள். பழைய டம்ளரிலேயே திரும்ப ஊற்றச் சொல்லுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும்.